'நாம்' என்று சொன்ன மகாராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு மீசை பெரிதாகவும் வேலை சிறிதாகவும் இருந்த நாளில், ஒரு தேசத்தைக் கனகசேனர் என்ற மகாராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். வரி கேட்டு யாரையும் வாட்டியதில்லை, வீண் சண்டைக்கு என்று எந்த ஊருக்கும் போனதில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை, காலையில் கண் விழித்ததும் ஏதாவது ஒரு புது ஆசை அவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் அவ்வளவுதான். அது அவரை விட்டாலும் அவர் அதை விடமாட்டார்.

அப்படி ஒரு காலையில் அவருக்கு 'நான்' என்ற சொல் பிடிக்காமல் போய்விட்டது.

"நான், நான் என்று தெருவில் கீரை விற்கிறவளும் சொல்கிறாள், குதிரைக்குப் புல் போடுகிறவனும் சொல்கிறான். அதே சொல்லை நானும் சொல்வதா? ஒரு மகாராஜாவுக்கு இது போதுமா?" என்று சபையில் கேட்டார்.

மகாராஜா எதைக் கேட்டாலும் அதற்கு ஆமாம் போடுவதற்கென்றே சபையில் சிலர் இருப்பார்கள் அல்லவா? இலக்கணப் பண்டிதர் ஏகாம்பரர் அவர்களில் மூத்தவர். 'சொற்சிங்கம்' என்று பட்டம் வாங்கியவர். அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"போதாது, அரசே. பேரரசர்கள் தம்மை 'நாம்' என்று சொல்லிக்கொள்வதே மரபு. 'நாம் ஆணையிடுகிறோம்', 'நாம் மகிழ்ந்தோம்'. கேட்கும்போதே யானைக் கூட்டம் நடந்து வருவது போல இருக்கும்."

மகாராஜா 'நாம்' என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார். வாய் நிறைந்தது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். மனமும் நிறைந்தது.

"இன்று முதல் நாம் 'நாம்'தான்! நம் சொல்லுக்கு யாரும் இஷ்டத்துக்குப் பொருள் பண்ணக் கூடாது. இலக்கணம் என்ன சொல்கிறதோ அதுவே பொருள். அந்தப் பொருள்படி எல்லாம் நடந்தாக வேண்டும். இது அரச கட்டளை!"

அன்றைக்கே கூத்து தொடங்கிவிட்டது. "நாம் சவரம் செய்துகொள்வோம்" என்றார் மகாராஜா. சவரம் செய்ய வந்தவர் தம் தாடையைத் தாமே தடவிப் பார்த்துக்கொண்டு, "நான் காலையிலேயே முடிச்சிட்டேனுங்களே" என்றார். "நாம் உறங்கப் போகிறோம்" என்றதற்கு மகாராணி, "எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை, நீங்கள் போங்கள்" என்று பூத்தொடுக்க உட்கார்ந்துவிட்டார். மகாராஜா எதற்கும் அசையவில்லை. புதுச் செருப்பு கடித்தாலும் கழற்ற மனம் வராதே, அந்த மாதிரி.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவரின் பெயர் நல்லதம்பிப் புலவர். ஆனால் அந்தப் பெயர் அவருக்கே பாதி மறந்து போயிருந்தது. ஊரில் எல்லாரும் கடுக்காயர் என்றே கூப்பிட்டார்கள். ஏமாற்ற வந்தவனையே ஏமாற்றி அனுப்புவதைத்தான் நாம் கடுக்காய் கொடுப்பது என்கிறோம். அந்தக் காரியத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குள்ளமான உருவம், பெரிய தொந்தி, சின்னக் கண்கள். அவர் மேல் மகாராஜாவுக்குப் பிரியம் அதிகம். அதனாலேயே மந்திரி மழவராயருக்கும் சொற்சிங்கம் ஏகாம்பரருக்கும் அவரைக் கண்டால் வயிறு எரியும்.

கடுக்காயரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவருக்குச் செல்லமான இரண்டு பேர் அரண்மனையில் இருந்தார்கள். கூத்தன், சாத்தன் என்று இரட்டையர். கடுக்காயருக்கு ஒன்றுவிட்ட தங்கையின் பிள்ளைகள். அவள் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, "அண்ணே, இதுங்களைப் பிரிச்சு மட்டும் வளர்த்துடாதே" என்று ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டாள். கொடுத்தார். பிள்ளைகள் மீசை முளைத்து ஆளானதும் அரண்மனையில் கட்டியக்காரர் வேலையும் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கோலைப் பிடித்துக்கொண்டு சிம்மாசனத்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். மகாராஜாவோ பெரிய மனிதர்களோ வரும்போது அவர்கள் பட்டங்களை உரக்கக் கூவ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரண்டு பேரும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருப்பார்கள். காதைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். காதுகுத்துக் கல்யாணத்தன்று ஆசாரி ஆள் தெரியாமல் ஒருவனுக்கே இரண்டு தடவை குத்திவிட்டார். அதனால் கூத்தன் காதில் ஒன்றுக்கு இரண்டாய் ஓட்டை, சாத்தன் காதில் ஒன்றும் கிடையாது. ஒருவன் பேச்சைத் தொடங்கினால் இன்னொருவன்தான் முடிப்பான். கட்டியமும் அப்படியே.

"மதியூகி, மாமேதை, மந்திரி மழவராயர் வருகிறார்!" என்பான் கூத்தன்.

"மீசை வந்து சேர்ந்துவிட்டது, ஆள் பின்னால் வருகிறார்!" என்பான் சாத்தன்.

"சொற்சிங்கம், கலைக்கடல், ஏகாம்பரப் பண்டிதர் வருகிறார்!"

"பல்லில்லாத சிங்கம், யாரும் பயப்பட வேண்டாம்!"

சபை சிரிக்கும். மகாராஜாவும் சிரிப்பார். சம்பந்தப்பட்ட இரண்டு பேர் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை மறந்து மகாராஜா ஒரு நாள் சமையல்காரரிடம், "இன்று மதியம் நாம் பலாப்பழப் பாயசம் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டார். மதியம் இலை போட்டு உட்கார்ந்தபோது பாயசப் பானை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சமையல்காரர் நடுங்கிக்கொண்டே கட்டியக்காரர்களைக் கை காட்டினார்.

"அரசே, 'நாங்கள் சாப்பிடுவோம்' என்று சொல்லியிருந்தால் கேட்டவர்கள் வெளியே" என்றான் கூத்தன்.

"'நாம் சாப்பிடுவோம்' என்று சொன்னதால் கேட்டவர்களும் உள்ளே" என்றான் சாத்தன்.

"அதனால் நாங்கள் உள்ளே."

"பாயசமும் உள்ளே."

மகாராஜாவுக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பாயச ஆசை போகவில்லை. மறுநாள் இரண்டு பானை வைக்கச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தாமே சாப்பிட்டார். அதன் பலன் வயிற்றில் கல் போல் உட்கார்ந்துகொண்டது. அரண்மனை வைத்தியர் கடுக்காயும் நிலாவிரையும் போட்டுப் பேதிக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தார். மகாராஜா வாசனையைப் பார்த்துவிட்டு, "பிறகு பார்ப்போம்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை. வசந்தத் திருவிழா வந்தது. "நாளை நாம் பட்டத்து யானை மீது நகர்வலம் வருவோம்" என்று மகாராஜா அறிவித்தார். மறுநாள் அம்பாரியில் ஏறி அமர்ந்து பார்த்தால், இடப்பக்கம் கூத்தன், வலப்பக்கம் சாத்தன். இறக்கிவிட நேரமில்லை. மேளம் முழங்கிவிட்டது, யானை நடந்துவிட்டது. இரண்டு பேரும் ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். வயிறு உப்பிப்போய், முகம் கறுத்து, நடுவில் நசுங்கிக்கொண்டு மகாராஜா வந்தார். கடைத்தெரு முனையில் பூக்காரி ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், "ஏன்டி, இந்த மூணு பேர்ல ராஜா யாரு?" என்று கேட்டாள்.

அது மகாராஜா காதில் விழுந்துவிட்டது. மற்றதையெல்லாம் அவர் பொறுத்திருப்பார். அந்த ஒரு கேள்வியைப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலைச் சபையில் யாருக்கும் மூச்சு விடவே பயமாக இருந்தது. இரட்டையரை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கடுக்காயர் தம் ஆசனத்தின் நுனியில் உட்கார்ந்து விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பண்டிதரே! நாம் 'நாம்' என்றால் இவர்களும் அதில் சேர்த்தியா? இலக்கணப்படி தீர்ப்புச் சொல்லும்!" என்றார் மகாராஜா.

ஏகாம்பரருக்குத் தர்மசங்கடம். கேட்பவரையும் சேர்த்துச் சொல்வதுதான் 'நாம்' என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிச் சொன்னால் இரட்டையர் தப்பித்துவிடுவார்கள். இல்லையென்று சொன்னால் இலக்கணம் என்ன ஆவது? அவர் மழவராயரைப் பார்த்தார். மழவராயர் மீசையை முறுக்கிக்கொண்டே தாம் அமர்ந்திருந்த ஆசனத்தை இரண்டு தட்டுத் தட்டினார். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது.

"அரசே, 'நாம்' என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். ஆனால் எல்லாக் கேட்பவரையும் அல்ல. அரசரின் 'நாம்' சபையில் ஆசனம் பெற்றவர்களை மட்டுமே உளப்படுத்தும். மந்திரி, சேனாபதி, அடியேன் போன்றவர்களை. நின்றுகொண்டு வேலை பார்ப்பவர்கள் அதில் சேரமாட்டார்கள்."

ஆசனத்தில் இருந்தவர்கள் எல்லாரும் "ஆஹா, ஆஹா" என்றார்கள். இனி அரண்மனைப் பாயசத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"அதுவே தீர்ப்பு! இனி அதுவே சட்டம்!" என்றார் மகாராஜா. "இவர்களை என்ன செய்யலாம்?"

மழவராயர் இதற்காகத்தானே காத்திருந்தார். "அரசே, இவர்கள் சேர்ந்திருப்பதுதான் விஷமமே. ஒருவன் தொடங்குகிறான், ஒருவன் முடிக்கிறான். பிரித்துவிட்டால் ஆளுக்கு அரை வாக்கியம். அரை வாக்கியத்தால் யாருக்கு என்ன தொல்லை?"

"நன்று! நாளை விடிந்ததும் கூத்தனை வட எல்லையில் கொண்டுபோய் விடுவோம். விடிந்ததும் சாத்தனைத் தென் எல்லையில் கொண்டுபோய் விடுவோம். உயிருள்ளவரை இருவரும் முகத்தில் முகம் பார்க்கக் கூடாது. இவர்களுக்காக யாராவது பரிந்து ஒரு சொல் பேசினால் அவருக்கும் இதே கதிதான்!"

சொல்லும்போது மகாராஜா கடுக்காயரைப் பார்த்தே சொன்னார். திறந்த வாயைக் கடுக்காயர் மூடிக்கொண்டார்.

பிற்பகலில் அவர் இரட்டையரை அடைத்து வைத்திருந்த கோட்டைவாசல் அறைக்குப் போனார். காவலாள் தெரிந்தவன், கதவைத் திறந்துவிட்டான். உள்ளே சத்தமே இல்லை. அந்த இரண்டு பேரும் இருக்கும் இடத்தில் சத்தம் இல்லாமல் அவர் கண்டதே கிடையாது.

"மாமா, நாங்க..." என்று கூத்தன் ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை. முடிக்க வேண்டிய சாத்தன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடுக்காயர் அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். சபையில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறார், எத்தனை பேர் முகத்தில் கரி பூசியிருக்கிறார். தங்கைக்குக் கொடுத்த ஒரு வாக்கைக் காப்பாற்ற முடியாவிட்டால் அந்தச் சாமர்த்தியமெல்லாம் எதற்கு என்று அவருக்குத் தம் மேலேயே கோபம் வந்தது.

"ஏண்டா, யானை மேல ஏறச் சொல்லி எந்தப் புத்திசாலிடா சொன்னான்?"

"அவன்தான்" என்றார்கள் இருவரும், ஒருவரை ஒருவர் காட்டி. ஆனால் சிரிக்கவில்லை.

"அவன் இருட்டுன்னா பயப்படுவான் மாமா" என்றான் சாத்தன், சுவரைப் பார்த்தபடியே. "வெளியில யாருக்கும் தெரியாது. வடக்கே அத்துவானக் காட்டுல ஒத்தையா எப்படிப் படுப்பான்?"

"நீ மட்டும் என்ன? ஒத்தையில சோறு இறங்குமாடா உனக்கு?" என்றான் கூத்தன்.

கடுக்காயர் இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். பிறகு என்னவோ தோன்றி, "ராஜா என்ன வார்த்தை சொன்னாரு? அட்சரம் மாறாம சொல்லுங்கடா பார்ப்போம்" என்றார்.

கட்டியக்காரர்களுக்கு அது பெரிய காரியமா? மகாராஜாவின் குரலிலேயே சொன்னார்கள். "நாளை விடிந்ததும் கூத்தனை வட எல்லையில் கொண்டுபோய் விடுவோம்."

"விடிந்ததும் சாத்தனைத் தென் எல்லையில் கொண்டுபோய் விடுவோம்."

"விடுவோம்னா சொன்னாரு? 'விடட்டும்'னு சொல்லலையே?"

"விடுவோம்."

கடுக்காயருடைய சின்னக் கண்கள் இன்னும் சின்னதாயின. "சரி, ரெண்டு பேரும் சாப்பிட்டுத் தூங்குங்க. உங்களுக்காக நான் ஒரு சொல்லும் பேசப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். இரட்டையருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மாமா படியிறங்கும்போது தொந்தி குலுங்கியதைப் பார்த்தார்கள். அவர் ஏதாவது நினைத்துச் சிரித்தால்தான் அது குலுங்கும்.

மாலைச் சபை கூடியது. வைத்தியர் வழக்கம்போலக் கஷாயக் கிண்ணத்தோடு வந்து நின்றார். மகாராஜா வழக்கம்போல முகத்தைச் சுளித்தார்.

"வைத்தியரே, மகாராஜாவை வற்புறுத்தாதீர்" என்றார் கடுக்காயர். "பேதிக் கஷாயம் என்ன சாமானியமா? சேனாபதியே அதைக் கண்டால் பின்வாங்குவார். அதைக் குடிக்கப் பெரிய வீரம் வேண்டும். மகாராஜாவுக்கு வேண்டுமானால் கொஞ்சம் கற்கண்டு கொடும், மடியில் வைத்துத் தட்டிக்கொடும்."

மகாராஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "யாருக்கு வீரம் இல்லை? கஷாயத்துக்கு அஞ்சுகிறவர்களா நாம்? நாளை விடிந்ததும் இந்தச் சபையிலேயே, எல்லார் முன்னாலும் நாம் கஷாயம் குடிப்போம்!"

"என்ன வீரம்! என்ன துணிவு!" என்று மழவராயர் கைதட்டினார். ஏகாம்பரர் அந்த வீரத்தைப் பற்றி அங்கேயே ஒரு வெண்பாவுக்கு முதலடி எடுத்தார்.

கடுக்காயர் ஆழமாகக் கும்பிட்டார். "அரச கட்டளை, இலக்கணம் சொல்லும் பொருள்படியே நடக்கும்" என்றார். சபை கலைந்ததும் வைத்தியர் வீட்டுக்குப் போய்ப் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றச் சொன்னார்.

பொழுது விடிந்தது. சபைக்கு வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் அண்டா ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் ஆசனத்தின் முன்னாலும் ஒரு வெண்கலக் கிண்ணம் நிறையக் கஷாயம், கறுப்பாக, கெட்டியாக.

"இது என்ன?" என்றார் மழவராயர்.

"நேற்று மகாராஜா, 'நாம் குடிப்போம்' என்று திருவாய் மலர்ந்தார்" என்றார் கடுக்காயர் பணிவாக. "அரசரின் 'நாம்' ஆசனம் பெற்றவர்களை உளப்படுத்தும் என்று சொற்சிங்கம் தீர்ப்பளித்திருக்கிறார். அதுவே சட்டம் என்று மகாராஜாவும் சொல்லிவிட்டார். எனக்கும் ஓர் ஆசனம் இருப்பதால் என் பங்கை நான் முதலில் குடிக்கிறேன்."

மூக்கைக்கூடப் பிடிக்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

மகாராஜா விடிய விடிய இந்தக் கஷாயத்தை நினைத்துத் தூங்காமல் இருந்தவர். தாம் மட்டும் தனியாகத் துன்பப்பட வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "சட்டம் சட்டம்தான். குடியுங்கள்!" என்று தம் கிண்ணத்தை எடுத்தார். சேனாபதி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மழவராயர் குடித்ததில் பாதி மீசையில் வழிந்தது. மிச்சம் வைக்கக் கூடாதென்று மறுபடி ஊற்றிக் கொடுத்தார்கள். ஏகாம்பரர் வெண்பாவை மறந்தார். ஊருக்கெல்லாம் வாயால் கடுக்காய் கொடுத்து வந்தவர், அன்றைக்குக் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.

எல்லாரும் குடித்து முடித்ததும் கடுக்காயர் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, எல்லாரும் புறப்படலாமா?" என்றார்.

"எங்கே?"

"கூத்தனைக் கொண்டுபோய் விட வட எல்லைக்கு. சாத்தனைக் கொண்டுபோய் விடத் தென் எல்லைக்கு. 'நாம் விடுவோம்' என்பதுதானே அரச கட்டளை? சேவகர்கள் கொண்டுபோய் விடட்டும் என்று மகாராஜா சொல்லவில்லையே. வடக்கு வாசலில் பல்லக்குகள் நிற்கின்றன, தெற்கு வாசலிலும் நிற்கின்றன. வழிதான் கொஞ்சம் தூரம். எல்லாம் பொட்டல்வெளி. ஒதுங்குவதற்கு ஒரு புதர்கூடக் கிடையாது."

சபையில் யாருடைய வயிறோ கடகடவென்று உருண்டது.

"நாமுமா போக வேண்டும்?" என்றார் மகாராஜா, வயிற்றில் கை வைத்துக்கொண்டு.

"'நாம்' என்றால் முதல் ஆள் தாங்கள்தானே, அரசே! விடிந்ததும் வடக்கே போக வேண்டும். விடிந்ததும் தெற்கேயும் போக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில். அரச வாக்குப் பொய்க்கக் கூடாதே என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். தங்களுக்கு மட்டும் கூடப் பிறந்த இரட்டை ஒருவர் இருந்திருந்தால் கவலையே இல்லை. ஆளுக்கு ஒரு திசையாகப் போயிருக்கலாம்."

மகாராஜாவின் உதடு துடித்தது. கோபத்திலா, வேறு எதிலா என்று சொல்ல முடியவில்லை.

இதற்குள் ஏகாம்பரருக்கு நிலைமை முற்றிவிட்டது. ஆசனத்தில் நெளிந்தவர் துள்ளி எழுந்தார். "அரசே! என் தீர்ப்பில் பிழை! அரசரின் 'நாம்' ஆசனம் பெற்றவர்களை உளப்படுத்தாது! யாரையும் உளப்படுத்தாது!"

"அப்படியானால் மகாராஜா மட்டும் தன்னந்தனியாக இரண்டு எல்லைக்கும் நடக்க வேண்டும் என்கிறீரா?" என்று கேட்டார் கடுக்காயர்.

மகாராஜா பண்டிதரைப் பார்த்த பார்வையில் பண்டிதருக்கு வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே கலங்கிய வயிறு.

"இல்லை, இல்லை! எல்லாரையும் உளப்படுத்தும்! கேட்ட எல்லாரையும்! உட்கார்ந்தவர், நின்றவர், தூண், சுவர் எல்லாவற்றையும்! என்னைப் போக விடுங்கள், அரசே!"

"நின்றவரையுமா?" என்று ஒரு குரல் கேட்டது. காவலர்களுக்கு நடுவில் நின்ற கூத்தன்தான். ஒரு நாள் முழுதும் செத்துக் கிடந்த குரலில் உயிர் வந்திருந்தது. "அப்படியானால் சாத்தனைத் தெற்கே கொண்டுபோய் விடக் கூத்தனும் போக வேண்டும், அரசே."

"கூத்தனை வடக்கே கொண்டுபோய் விடச் சாத்தனும் போக வேண்டும்."

"எங்கே விட்டாலும்..."

"...நாங்கள் ரெண்டு பேருந்தான்!"

சபை மகாராஜாவைப் பார்த்தது. மகாராஜா இரட்டையரைப் பார்த்தார். இருவரும் கை கோத்துக்கொண்டு நின்றார்கள். கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக அவர்கள் நின்றதைப் பார்த்து அவருக்கு மனம் இளகிவிட்டது. தாம் செய்யவிருந்தது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதே நேரத்தில் வயிற்றிலும் உறைத்தது.

"நின்றவர்களும் 'நாம்' என்றால் இவர்கள் யானை மேல் ஏறியதும் குற்றமில்லை. குற்றமே இல்லாத இடத்தில் தண்டனை ஏது?" என்றார். "நான் தோற்றேன், கடுக்காயரே! இந்தத் தண்டனையை நான் ரத்து செய்கிறேன். நான், நான், நான்! போதுமா? சபை கலையலாம், சீக்கிரம்!"

அரச கட்டளை அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் நிறைவேறியதில்லை, பின்னும் நிறைவேறியதில்லை. மகாராஜா முன்னே ஓட, சபை பின்னே ஓடியது. விடுதலையான கட்டியக்காரர்கள் தங்கள் வேலையை விடுவார்களா? வெள்ளிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்கள்.

"மதியூகி மழவராயர் வருகிறார்!"

"இல்லை, போகிறார்!"

"சொற்சிங்கம் எங்கே?"

"புதர் தேடிப் போய்விட்டது!"

"விகடகவி கடுக்காயர்..."

"மாமா, பார்த்து! படி இருக்கு!"

கடுக்காயர் பதில் சொல்ல நிற்கவில்லை.

நடுப்பகலுக்கு மேல்தான் சபை மறுபடி கூடியது. எல்லார் முகமும் வாடியிருந்தது, மகாராஜா முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. பாயசம் இறங்கிப்போய் உடம்பு காற்றாக இருந்தது அவருக்கு. மழவராயரைப் பார்த்தார், சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரரைப் பார்த்தார், இன்னும் சிரித்தார்.

"கடுக்காயரே, இவர்களுக்காக நீர் ஒரு சொல்கூடப் பரிந்து பேசவில்லை. என் சொல்லை வைத்தே என்னை மடக்கிவிட்டீர். ஆற்றங்கரையில் இருக்கும் என் மாந்தோப்பை உமக்குப் பரிசாகத் தருகிறேன். பட்டயம் யார் பெயருக்கு எழுதச் சொல்லட்டும்?"

கடுக்காயர் வாயைத் திறப்பதற்குள், அவர் தோளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குரல் வந்தது.

"நம்ம பேருக்கு!"

சபை திடுக்கிட்டது. கடுக்காயர் இரண்டு பேர் காலையும் மிதித்தார். மகாராஜாவின் புருவம் மேலே ஏறியது.

"நம்ம பேருக்கா? கேட்டுக்கொண்டு நானும் இருக்கிறேனே. அப்படியானால் அந்தத் தோப்பில் எனக்கும் பங்கு வருமே! என்ன பண்டிதரே?"

"வரும் அரசே, எல்லாருக்கும் எல்லாம் வரும்" என்றார் ஏகாம்பரர் ஈனசுரத்தில். "இனிமேல் என்னிடம் இலக்கணம் மட்டும் கேட்காதீர்கள்."

பிறந்த நாளிலிருந்து மகாராஜாவிடம் எல்லாரும் 'தங்கள்' என்றார்கள், 'உங்கள்' என்றார்கள். அவரையும் ஓர் ஆளாகச் சேர்த்து 'நம்ம' என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை, கிரீடம் சரிந்து காதில் வந்து நிற்கும்வரை சிரித்தார்.

"எழுதுங்கள்! அப்படியே எழுதுங்கள்! மாம்பழக் காலம் எப்போது?"

காலம் வந்தது. பரிவாரம், குடை, சாமரம் எதுவும் இல்லாமல் மகாராஜா தோப்புக்கு வந்து, இரட்டையருக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, முழங்கை வரை சாறு வழிய வழியச் சாப்பிட்டார். அந்த மூன்று பேரிடமிருந்தும் தமக்கென்று ஒரு நல்ல பழத்தைக் காப்பாற்றி வைப்பதற்குள் கடுக்காயருக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.